எட்டு வாய்க்கால், நாற்பது விழுது

இங்கே தரும் மை தண்ணீராக இருக்கிறது. ஆபீஸ் மை எல்லா ஊரிலும் அப்படித்தான். தூளைக் குறைத்துத் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள். எழுத்து வெளுத்துத் தெரிந்தால் சப் மாஜிஸ்திரேட் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கடிதம் எழுதிப் பிழைத்தவன் நான். என் கையெழுத்து புரியவில்லை என்று இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

வாயால் சொன்னால் போதும், குமாஸ்தா எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாய்ச்சொல்லில் ஒன்று முந்திக்கொள்ளும், ஒன்று விட்டுப்போகும். எழுத்தில் அது அது அதனதன் இடத்தில் நிற்கும். இதை எழுதும்படி என்னை யாரும் அடிக்கவில்லை, ஆசை காட்டவும் இல்லை. லாக்கப் சாப்பாட்டிலும் எனக்குக் குறை கிடையாது. கால்தான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அது இங்கே வந்து பிடித்ததல்ல. மூன்று வருஷமாக இருக்கிறது.

என் பெயர் பஞ்சநாதன். வயது ஐம்பத்தொன்று. உடையார்பாளையத்தில் மூன்றாவது பாரம் வரை படித்தேன். அங்கே எங்களுக்குப் பூர்வீக நிலம் உண்டு, தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் அரியலூரில் தபாலாபீசுக்கு எதிரே மேஜை போட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்து வந்தேன். மனைவி ஜெயலட்சுமி 1938-இல் காலமானாள். ஒரே மகள், சிந்தாமணி.

சிந்தாமணி 1940 தை மாதம் முருகையன் என்பவனோடு போய்விட்டாள். எங்கள் களத்தில் நெல் தூற்ற வரும் குடும்பத்துப் பையன் அவன். பெரம்பலூரைத் தாண்டி, பச்சைமலைப் பக்கம் பூலாம்பாடியில் குடியிருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி நடந்தால், தலைமுழுகிவிட்டேன் என்று சொல்லி இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள். ஒரு வருஷம் கழித்து, பேரப்பிள்ளையைப் பார்க்க யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறுவார்கள். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. மொட்டை அடித்துக்கொண்டேன். பதினாறாம் நாள் கருமாதி செய்தேன். பந்துக்கள் ஐம்பத்துமூன்று பேருக்குக் கறுப்பு ஓரம் தீட்டிய கடிதம் எழுதினேன். 'என் குமாரத்தி சிந்தாமணி தை 9-ஆம் தேதி திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சிவபதவி அடைந்தாள்' என்று நாள், கிழமை, நேரம் எல்லாம் போட்டேன். துக்கம் விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் முறைப்படி உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் போனார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று 1942 சித்திரையில் மதராஸ் பாதி காலியாயிற்று. அப்போது அரியலூருக்கு வந்தவர் டாக்டர் காசிநாதன். பூர்வீகம் மீன்சுருட்டி. மதராஸில் பிராணி சாஸ்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. தனி ஆள். வைக்கோல் அடைத்த பெட்டிகளில் அறுபத்துமூன்று கண்ணாடிச் சீசாக்கள் அவரோடு ரயிலில் வந்து இறங்கின. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கடலைக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, பலகை அடித்து வரிசையாக அடுக்கினார்.

சீசாக்களில் இருந்தவை கடல் சொறிமீன்கள். கரையோரத்தில் வலையில் சிக்கினால் செம்படவர்கள் வைதுகொண்டே தூக்கி எறிவார்களே, குடை மாதிரி வழவழவென்று, அந்த ஜாதி. ஆனால் இவை கரையோரத்தவை அல்ல. யுத்தத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சிக் கப்பல் முந்நூறிலிருந்து எழுநூறு பாகம் ஆழம் வரை, பாகத்துக்கு ஆறடி, வலை இறக்கிப் பிடித்தவை. அங்கே பகல் என்பதே கிடையாது என்றார் டாக்டர். சீசாக்களில் ஊற்ற, அரசாங்க அனுமதியோடு ஸ்பிரிட் டின் டின்னாக வந்தது. கிட்டங்கிக்கு எதிரே பீடிக்கடை வைத்திருந்த நல்லுசாமிக்கு அதுதான் கவலை.

"உள்ற சிசுவ ஊறுகா போட்டு வெச்சிருக்காங்களாமே, நெசமா?" என்றான்.

"சொறிமீன்."

"அதத் திங்கிறதுக்கா இம்புட்டுச் சரக்கு?"

டாக்டர் என்னைக் கடிதம் எழுதத்தான் வைத்துக்கொண்டார். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். வருகிற தபாலைப் பிரித்து, எண் போட்டு, பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஆனால் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக லென்ஸ் என் கைக்கு வந்தது.

வகை பிரிப்பதை அவர் எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார். "வெலாசம் எழுதற மாதிரிதான்யா. ஜில்லா, தாலுக்கா, கிராமம், கதவு நம்பர். இங்க ஹைட்ரோசோவாங்கிறது ஜில்லா. அப்பறம் வரிசை, குடும்பம், இனம். கதவு நம்பரு தப்பாப் போனா கடுதாசி என்னாவும்?"

"திரும்பி வந்துடும் சார்."

"இங்க திரும்பிகூட வராது. தப்பான வீட்டுலயே நூறு வருஷம் குந்திக்கிட்டிருக்கும்."

இங்கே அவருடைய குணத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒவ்வொரு சீசாவுக்குள்ளும் ஒரு சீட்டு ஊறிக்கொண்டிருக்கும். எங்கே பிடித்தது, எந்த ஆழம், என்ன தேதி என்று. சீட்டு இல்லாத ஜந்து குப்பைக்குச் சமானம். சேர்ந்த புதிதில் பழைய சீட்டுகளைப் பார்த்து நான் புதுச் சீட்டு எழுதியபோது, ஒன்றில் 340 பாகத்தை 430 என்று எழுதிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மற்ற அறுபத்திரண்டையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். இரண்டு மாத வேலை. "ஒரு சீட்டுல பொய் இருந்தா மத்தத நான் எதை வெச்சுய்யா நம்பறது?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

1943 ஆடியில் பத்தொன்பதாம் சீசாவுக்கு வந்தோம். எலுமிச்சை மூடியைச் சாறு பிழிந்து கவிழ்த்த மாதிரி இருந்தது. காய்ந்த ரத்தத்தின் நிறம். உச்சியிலிருந்து விளிம்பு வரை உள்ளே எட்டு வாய்க்கால்கள் நேராக இறங்கின. டாக்டர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். "எலும்பு இல்ல, மூளை இல்ல. வாய்க்கா வெட்டியிருக்கிற நேர்த்தியப் பாரும். நம்ம ஓவர்சீயருக்கு இது வருமா?"

விளிம்பில் விழுதுகள் தொங்க வேண்டும். இந்தச் சொறி பயந்தால் விழுதுகளை உதறிப் போட்டுவிட்டு ஓடிவிடுமாம். வலையில் சிக்கியபோது அப்படி உதறியிருக்கிறது. அடித்தடம் மட்டும் மிச்சம், ஊசி முனையளவு. ஏற்கெனவே தெரிந்த சொறி ஒன்று இதே அச்சில் உண்டு. அதற்கு ஒரு வாய்க்காலுக்கும் அடுத்த வாய்க்காலுக்கும் இடையே நான்கு விழுது, ஆகமொத்தம் முப்பத்திரண்டு. எனக்கு ஐந்து ஐந்தாகத் தெரிந்தது. நாற்பது.

டாக்டர் நம்பவில்லை. எனக்குச் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைத்து எண்ணச் சொன்னார். வேறு சொறியை வைத்துவிட்டு, "இதயும் எண்ணும்" என்றார். மூன்று நாள் சோதித்தார். ஒருமுறைகூட நான் தவறவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் லென்ஸை என் கையிலிருந்து வாங்காமல், அதைப் பிடித்திருந்த என் கையையே பிடித்துக்கொண்டார்.

"இனிமே உம்ம கண்ணுதான்யா என் கண்ணு. நீரு நாப்பதுன்னா நாப்பது."

ஐயா, அந்த வார்த்தையை என்னிடம் வேறு யாரும் சொன்னதில்லை. தபாலாபீஸ் வாசலில் இருபது வருஷம் எத்தனையோ பேருடைய வாழ்வையும் சாவையும் எழுதினேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வார்கள். பிறகு பக்கத்தில் போகிற பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டு, நான் படித்தது சரிதானா என்று கேட்பார்கள்.

பெயர் வைக்கும் முறையையும் டாக்டர் சொன்னார். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, அது அநாகரிகம். இன்னொருவர் பெயரை வைக்கலாம். "ஒரு தடவ அச்சுல வந்துட்டா கவர்னரே நெனச்சாலும் எடுக்க முடியாது. ஆனா, எண்ணிக்கை தப்புன்னு எவனாச்சும் காட்டிப்புட்டான்னு வெச்சுக்கும், அது புது ஜந்தே இல்லேன்னு ஆயிடும். பேரும் போச்சு. உம்ம பேரையே வெச்சுடலாம்னு பாக்கறேன்."

"என் பேரு வேணாம் சார். செத்துப்போன என் பொண்ணு பேர வைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அவளுக்கு ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியது. எழுநூறு பாகத்துக்குக் கீழே, ஊர்ப்பேச்சு எட்டாத இடம். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. லத்தீன் முறைப்படி பெண்ணின் பெயருக்கு ஒரு விகுதி சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். "சிந்தாமணியே! கூப்புடற மாதிரியே இருக்குய்யா" என்றார். கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார்: இதன் விழுதுகளை முதன்முதலில் சரியாக எண்ணிய என் உதவியாளர் பஞ்சநாதனின் காலஞ்சென்ற மகள் நினைவாக. அதையும் நான்தான் பிரதி எடுத்தேன். 1944 ஆவணியில் கட்டுரை கல்கத்தாவுக்குப் போயிற்று. காகிதத் தட்டுப்பாடு; அச்சாக ஆறு மாதம் பிடிக்கும் என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த நாளிலிருந்துதான் என் கால் நிற்கவில்லை. பெரம்பலூர் பஸ் காலை பத்தரைக்கு ஒன்று, பிற்பகல் நாலுக்கு ஒன்று. பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போவேன். யார் யார் இறங்குகிறார்கள் என்று கடைசி ஆள் வரை பார்ப்பேன். உள்ளே வந்து உட்கார்வேன். இறங்கியவர்களில் ஒரு முக்காட்டுக்காரியைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று தோன்றும். மறுபடி எழுந்து ஓடுவேன்.

"யாரு வரப்போறா, கலெக்டரா?" என்பான் நல்லுசாமி. "ஒரு நாளைக்கு எத்தன வாட்டிய்யா? பஸ்ஸுக்காரன் ஒனக்குச் சம்பளம் போட்டுக் குடுக்கலாம்."

அவள் வரவில்லை. கடிதம் வந்தது. ஐப்பசியில், பூலாம்பாடி முத்திரையோடு, டாக்டர் பெயருக்கு. தபாலைப் பிரிப்பது என் வேலை என்பதால் பிரித்தேன். கையெழுத்து நான் சொல்லிக்கொடுத்தது.

முருகையன் பட்டாளத்தில் சேர்ந்து மலாயா போனவன். இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை என்று எழுதியிருந்தாள். மாமியார் அம்மாக்கண்ணுவோடு இருக்கிறாளாம். மலைக்காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறதாம். ஜாவா தீவு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து, அங்கிருந்து வந்துகொண்டிருந்த காய்ச்சல் மருந்தான கொயினா மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை, பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலும் இல்லை. அரியலூரில் பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று பஸ் கண்டக்டர் சொன்னான். 'என் தகப்பனார் பஞ்சநாதன் தங்களிடம் வேலை செய்வதாகவும் அறிந்தேன். அவருக்கு என் பேரில் வருத்தம். ஆகையால் தங்களுக்கே எழுதுகிறேன்.'

பதிவுப் புத்தகத்தில் எண் 214 என்று ஏற்றி, 'மருந்து கேட்டு. பதில் தேவையில்லை' என்று எழுதி, பழைய கடிதக் கட்டோடு சேர்த்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது.

பன்னிரண்டு நாள் கழித்து எண் 221. காய்ச்சல் விட்டிருக்கும் ஒரு நாளாகப் பார்த்து, வருகிற வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நேரிலேயே வருவதாக எழுதியிருந்தாள்.

அன்று மத்தியானம் டாக்டரிடம், தூரத்து உறவில் ஒருவருக்கு மலைக்காய்ச்சல் என்றேன். அவர் மதராஸிலிருந்து வரும்போதே கொயினா வாங்கி வைத்திருந்தார். எவ்வளவு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. முப்பது மாத்திரை எண்ணிக் கொடுக்கச் சொன்னார். நானே எண்ணி எடுத்து, மருந்து நோட்டில் எழுதினேன். "வேளைக்கு ரெண்டு, மூணு வேளை. அஞ்சு நாள் விடாம குடுக்கணும். நடுவுல நிறுத்திப்புட்டா காய்ச்ச முன்னவிட மோசமாத் திரும்பும், ஜாக்கிரதை" என்றார். இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் அவர் சொன்னார், நான் கேட்டேன்.

ஒன்றைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த முப்பதையும் கொடுக்கிற எண்ணத்தோடுதான் பஸ் ஏறினேன். அவள் வராமல் இருந்தால் போதும் என்பதுதான் என் நினைப்பு. கரி போட்டு ஓட்டுகிற பஸ்; மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நானும் தள்ளினேன். வியாழக்கிழமை, நவம்பர் 9, பிற்பகல் பூலாம்பாடி போய்ச் சேர்ந்தேன்.

கூரை வீடு. அம்மாக்கண்ணு முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓரமாக நின்றுகொண்டாள். "சம்பந்தின்னு கூப்புட வாய் வரலீங்க. ஐயான்னே கூப்புடறேன். உள்ற வாங்க" என்றாள்.

சிந்தாமணி கட்டிலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நாலே முக்கால் வருஷத்தில் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை. "அப்பா, மொட்டையடிச்சீங்களாமே, முடி திரும்ப வளந்துட்டுதா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு மாத்திரை. வெள்ளிக்கிழமை மூன்று வேளை, ஆறு. என் கையாலேயே கொடுத்தேன். சனிக்கிழமை காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. உட்கார்ந்து தலை சீவிக்கொண்டாள். இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் ஒரு கரண்டி கேட்டாள். அம்மாக்கண்ணு மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக நேர்ந்துகொண்டாள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சிந்தாமணி கேட்டாள். சொன்னேன். எந்தப் பெயர் என்று மட்டும் சொல்லவில்லை.

"அவ்வளவு ஆழத்துல கெடக்கறதுக்கு எதுக்குப்பா பேரு?"

"பேரு இல்லன்னா அது இருக்குன்னே யாருக்கும் தெரியாது."

"அதுக்குத் தெரியுமில்ல, தான் இருக்கோம்னு?" என்றாள். பிறகு சொன்னாள்: "திங்கக்கெழம உங்ககூடவே நானும் பஸ்ஸுக்கு வந்துடறேம்பா. அந்த டாக்டரு கால்ல விழுந்து கும்புடணும்."

"அவரு யாரையும் பாக்க மாட்டாரு."

"உங்க பொண்ணுன்னு சொன்னா பாக்காமயா போயிடுவாரு? நீங்க போயிட்டா, நான் பின்னாடியே வருவேன். பாருங்க."

அப்போது காலை ஒன்பது மணி இருக்கும். நான் எழுந்து வெளியே போனேன். தெருக்கோடி வரை நடந்தேன், திரும்பி நடந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு சீட்டில் பொய் இருந்தால் மற்றதை எதை வைத்து நம்புவது என்று டாக்டர் கேட்பார். கேட்கவே வேண்டாம், அறுபத்துமூன்று சீசாவையும் எடுத்து வெளியே வைத்துவிடுவார். கல்கத்தாவுக்குத் தந்தி கொடுத்துக் கட்டுரையை நிறுத்துவார். மாத்திரை என் மடியில் இருந்தது; நடக்கும்போது கண்ணாடிக் குப்பி இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

உள்ளே போனேன். அம்மாக்கண்ணு வெந்நீரும் கையுமாகக் காத்திருந்தாள். "காலம்பற மாத்திர இன்னும் குடுக்கலீங்களே ஐயா."

"தீந்துட்டுது. எட்டுதான் கெடைச்சுது" என்றேன்.

அதற்கு அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எட்டு மாத்திரையாவது கிடைத்ததே என்று.

நான் உடனே கிளம்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காய்ச்சல் திரும்பிற்று. திங்கட்கிழமை அவளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. ஜெயலட்சுமியைக் கூப்பிட்டாள். முருகையனைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்து ஈரத்துணி மாற்றிப் போட்டேன். மூச்சை எண்ணினேன், எண்ணுவது எனக்குப் பழக்கம். அம்மாக்கண்ணு வண்டி கட்டிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அழுதாள். அலைச்சல் ஆகாது என்றேன். படித்தவர் சொல்கிறார் என்று அடங்கிவிட்டாள். அந்த இரண்டு நாளும் குப்பி என் மடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கை ஒருமுறை போயிற்று. திங்கட்கிழமை காலை. அப்போது அவள் கண் விழித்து, "பஸ்ஸுக்கு நேரமாயிட்டுதாப்பா?" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டே காலுக்கு முடிந்தது.

"பெத்தவரு நீங்க. ஒரு கை வாய்க்கரிசி போட்டுடுங்க ஐயா" என்றாள் அம்மாக்கண்ணு.

எல்லாம் நாலு வருஷத்துக்கு முன்பே செய்து முடித்தாயிற்று, ஒருத்திக்கு இரண்டு தடவை செய்கிற வழக்கம் இல்லை என்றேன். அவள் தன் கையால் அரிசியை எடுத்துப் போட்டாள்.

அரியலூர் வந்ததும் இருபத்திரண்டு மாத்திரையையும் டாக்டர் அலமாரியில் திருப்பி வைத்தேன். நோட்டில், 'கொடுத்தது 30, திரும்ப வந்தது 22' என்று எழுதினேன். ஏன் திருப்பி வைத்தாய், ஓடையில் எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். அது டாக்டருடைய மருந்து. யுத்த காலத்தில் கிடைக்காத பொருள். வீணாக்குவது எப்படி?

1945 பங்குனியில் கட்டுரை அச்சாகி வந்தது. முதல் பக்கத்தை டாக்டர் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். காலஞ்சென்ற மகள் என்ற இடத்தில் என் குரல் தடுக்கவில்லை. அதில் பொய் ஏதும் இல்லை. யுத்தம் முடிந்தும் டாக்டர் மதராஸ் திரும்பவில்லை. கண் முழுக்க மறைந்துவிட்டது. நான் எண்ணிச் சொன்னேன், அவர் நம்பினார். இருபத்தேழு சீசா முடித்தோம். ஆனால் பஸ் வந்தால் வாசலுக்குப் போவது மட்டும் எனக்கு நிற்கவில்லை. இனி யார் வரப் போகிறார்கள் என்று எனக்கே தெரியும். போவேன்.

போன மாதம் பத்தரை பஸ்ஸில் முருகையன் வந்து இறங்கினான். மலாயாவில் கைதியாக இருந்து மீண்டவன். ஒரு காலை விந்தி நடக்கிறான். நான் அவனைத் தடுக்கவில்லை. அவன் சண்டைக்கு வரவில்லை, ஐயா. நன்றி சொல்ல வந்தான். எட்டு மாத்திரையாவது கொடுத்தனுப்பிய புண்ணியவானைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று, துண்டில் இரண்டு சீப்பு வாழைப்பழம் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"எட்டா? முப்பதுல்ல குடுத்தேன்?" என்றார் டாக்டர். பிறகு, "யாருக்குன்னு சொன்னே?" என்றார். முருகையன் சொன்னான். டாக்டர் என்னைக் கூப்பிடவில்லை. எதிர்க்கடையிலிருந்து நல்லுசாமியைக் கூப்பிட்டு, மருந்து நோட்டைப் படிக்கச் சொன்னார். கண் முழுக்க மறைந்த பிறகு இருபது மாதம் நான்தான் அவருக்கு எல்லாம் படித்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் பீடிக்கடைக்காரன்.

நல்லுசாமி எழுத்துக்கூட்டிப் படித்தான். டாக்டர் என் பக்கம் திரும்பினார். கண் என்மேல் படவில்லை, எனக்கு இடப்புறம் சுவரைப் பார்த்தது. "பத்தொம்பதாம் சீசாவப் பொட்டியில கட்டச் சொல்லு. கல்கத்தாவுக்கு அனுப்பணும். வேற எவனாச்சும் எண்ணட்டும்" என்றார். என்னிடம் அல்ல, நல்லுசாமியிடம்.

ஆகவே, ஐயா, கேட்டபடி எழுதித் தருகிறேன். பூலாம்பாடியில் 1944 நவம்பர் 11-ஆம் தேதி காலை ஒன்பது மணி முதல் 14-ஆம் தேதி பகல் இரண்டே கால் வரை, என் மகள் சிந்தாமணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தேன். கொடுத்தால் பிழைப்பாள் என்று தெரியும். பிழைக்கக் கூடாது என்றுதான் கொடுக்கவில்லை. நான்தான் அவளைக் கொன்றேன். அவள் பெயர் அழியாமல் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். வேறு காரணம் இல்லை.

ஒரு விண்ணப்பம். கல்கத்தாவில் எண்ணப் போகிறவர் புது ஆளாக இருந்தால் ஐந்தாவது தடத்தைத் தவறவிடுவார். அது மற்ற நான்கைவிடச் சற்று உள்ளே தள்ளி இருக்கும். வலப்பக்கமிருந்து வெளிச்சம் விட்டால்தான் தெரியும். இதைத் தாங்கள் டாக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். அவர் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாற்பது என்பதை மட்டும் யாரும் மாற்றக் கூடாது.